டங்ஸ்டன் ஹெக்ஸாகுளோரைடு பாட்டிலில் சிவப்புப் படிவு: ஆக்ஸிகுளோரைடு என்று எப்படி உறுதி செய்வது?

செக்காலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். மின்னழுத்தம் கொடுத்தால் நீலமாகும் டங்ஸ்டன் ஆக்ஸைடு பூச்சுதான் என் வேலை. டங்ஸ்டன் ஹெக்ஸாகுளோரைடை எத்தனாலில் கரைத்து, கண்ணாடியில் பூசி, சூடாக்கி எடுக்கிறோம்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு மாற்றம். பாட்டிலுக்குள் கருநீலமாக இருக்க வேண்டிய பொடிக்கு மேலே, கழுத்தை ஒட்டி, ஆரஞ்சும் சிவப்புமாக மெல்லிய ஊசிகள் படிந்திருக்கின்றன. திறந்தால் புகைகிறது. கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் "உங்கள் தொடக்கப்பொருள் உண்மையில் ஹெக்ஸாகுளோரைடுதானா, ஆக்ஸிகுளோரைடு கலந்ததா, ஆதாரம் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, பாட்டிலில் இருப்பதைக் கண்டுபிடிப்பது. இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தூய ஆக்ஸிகுளோரைடை நானே தயாரிப்பது. எங்களிடம் ஷ்லெங்க் லைன் (காற்றுப் படாமல் வேலை செய்ய வேக்குவமும் ஆர்கானும் மாற்றி மாற்றித் தரும் கண்ணாடிக் குழாய் அமைப்பு) இருக்கிறது, குளோவ் பாக்ஸ் (கையுறை வழியாக உள்ளே வேலை செய்யும் காற்றுப் புகாத பெட்டி) இல்லை. ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவி இருக்கிறது. பொடி எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) இருக்கிறது, ஆனால் தட்டு திறந்தபடிதான் இருக்கும்.

பள்ளத்தூர்_கனிமம்:

தம்பி, பெயர்கள் நீளமாக இருக்கின்றன. ஆறு குளோரின் உள்ளதை ஹெக்ஸா என்றும், ஒரு ஆக்ஸிஜனும் நான்கு குளோரினும் உள்ளதை ஆக்ஸிடெட்ரா என்றும், இரண்டு ஆக்ஸிஜனும் இரண்டு குளோரினும் உள்ளதை டைஆக்ஸி என்றும் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த சிவப்பு ஊசி பெரும்பாலும் ஆக்ஸிடெட்ரா. அது ஏன் கழுத்தில் போய்ப் படிந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆக்ஸிடெட்ரா 211 டிகிரியில் உருகி 227 டிகிரி அளவில் கொதித்துவிடும். ஹெக்ஸா 275 டிகிரியில் உருகி 347 டிகிரி அளவில்தான் கொதிக்கும். சிவப்பு சீக்கிரம் ஆவியாகும், கருநீலம் அடியில் தங்கும். பகல் வெயிலில் பாட்டில் சூடேறி இரவில் ஆறினால் அதுவே மெதுவான பதங்கமாதல்தான்.

ஈரம் நுழைந்ததும் நடப்பது இதுதான்: ஹெக்ஸாவில் இரண்டு குளோரின் போய் ஓர் ஆக்ஸிஜன் உட்காரும், இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். நீங்கள் பார்த்த புகை அதுதான். ஈரம் தொடர்ந்தால் மஞ்சள் நிற டைஆக்ஸி, அதற்கும் மேலே போனால் டங்ஸ்டிக் அமிலம்.

இது வெறும் அசுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 1971இல் ஷோவேனும் எரிசோனும் சைக்ளோபென்டீனையும் பென்டீனையும் வைத்து ஒலிஃபின்கள் (கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மங்கள்) தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்ளும் இணைமாற்று வினைக்குப் புதிய விளக்கம் கொடுத்தபோது, வினையூக்கியாக வைத்திருந்தது இதே ஆக்ஸிடெட்ராவும் டெட்ராபியூட்டைல் டின்னும்தான். அந்த விளக்கத்துக்காக ஷோவேனுக்கு 2005இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனக்கு இந்தச் சேர்மத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

கண்டனூர்_ஆசிரியர்:

ஒரு கேள்வி. நிறம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே: கருநீலம், சிவப்பு, எலுமிச்சை மஞ்சள். உருகுநிலையும் சேர்த்துப் பார்த்தால் போதாதா? எங்கள் இளங்கலை மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

தேவகோட்டை_ஓய்வு:

போதாது ஐயா. இந்த வரிசைச் சேர்மங்களில் நிறம் கண்ணை ஏமாற்றும். கருநீல ஹெக்ஸாவில் பத்தில் ஒரு பங்கு சிவப்பு கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நீலம் விழுங்கிவிடும். மறுபுறம், பாட்டிலின் கண்ணாடியில் ஒட்டிய இம்மியளவு சிவப்பு மொத்தமும் கெட்டுவிட்டதுபோலக் காட்டும்.

உருகுநிலையும் டைஆக்ஸி விஷயத்தில் காலை வாரும். அதை 265 டிகிரி என்று புத்தகத்தில் பார்ப்பீர்கள். ஆனால் சூடாக்கும்போதே டைஆக்ஸியின் இரண்டு மூலக்கூறுகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஒரு டங்ஸ்டன் ட்ரைஆக்ஸைடும் ஒரு ஆக்ஸிடெட்ராவும் ஆகிவிடும். மஞ்சள் பொடியைக் குழாயில் வைத்துப் பதங்கமாக்கப் போனவர், மேலே சிவப்பு படிந்ததைப் பார்த்து "என் டைஆக்ஸியில் ஆக்ஸிடெட்ரா கலந்திருந்தது" என்று எழுதிவிடுவார். கலந்திருக்கவில்லை, அவர் கொடுத்த சூட்டில் உண்டானது. குளிர்ந்த பகுதியில் இரண்டும் சந்தித்தால் திரும்பவும் டைஆக்ஸி ஆகும். போகவும் வரவும் வழி உள்ள வினை இது.

தம்பி தயாரிப்பு கேட்டிருந்தார். இரண்டு வழி சொல்கிறேன். பழைய வழி: டங்ஸ்டன் ட்ரைஆக்ஸைடைத் தயோனைல் குளோரைடில் ரிஃப்ளக்ஸ் செய்வது, அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிடுவது. ஒரு மோல் ஆக்ஸைடுக்கு இரண்டு மோல் தயோனைல் குளோரைடு கணக்கு, கரைப்பானும் அதுவே என்பதால் ஏராளமாக எடுப்போம். சல்பர் டைஆக்ஸைடு வெளியேறும். கரைசல் ஆரஞ்சுச் சிவப்பாகி, குளிரவிட்டால் அழகான ஊசிகள் வரும். குறை என்னவென்றால் மிக மெதுவாக நடக்கும். அதிக வெப்பத்தில் சுட்டெடுத்த மஞ்சள் ஆக்ஸைடு அசையவே அசையாது, மென்மையாக அரைத்ததுதான் வினைபுரியும். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாயை மூடி உருக்கி 200 டிகிரியில் வைத்தார்கள். உள்ளே சல்பர் டைஆக்ஸைடு அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் அதை யாரும் செய்யக்கூடாது.

புதிய வழி: ஹெக்ஸாவையே எடுத்து, ஆக்ஸிஜனைக் கணக்காக ஊட்டுவது. ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன் என்ற திரவம், ஒரு மூலக்கூறுக்கு ஓர் ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு இரண்டு ட்ரைமெத்தில்சிலைல் குளோரைடாகப் போய்விடும். உங்களுக்கு இதுதான் பொருத்தம். இதைப் பள்ளத்தூர் அம்மா விரிவாகச் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷாருக்கு டங்ஸ்டன் தாது பெருமளவு பர்மாவின் தவாய்ப் பகுதியிலிருந்துதான் போனது. நம் ஊர்ப் பெரியவர்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்திருந்த அதே காலம். இந்த உலோகம் நமக்கு அந்நியமானதல்ல.

செக்காலைக்காரன்:

மிக்க நன்றி சார். அக்கா, சிலாக்சேன் வழியில் அளவு எவ்வளவு? கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும்? அப்புறம், சாதாரணத் தண்ணீரே ஓர் ஆக்ஸிஜன் கொடுக்குமே, அதைக் கணக்காகச் சேர்த்தால் என்ன?

பள்ளத்தூர்_கனிமம்:

தண்ணீரைப் பற்றி முதலில். கொள்கையளவில் முடியும், நடைமுறையில் முடியாது. தண்ணீர்த் துளி டைகுளோரோமீத்தேனில் கலக்காது. துளி விழுந்த இடத்தில் டங்ஸ்டிக் அமிலம் வரை போய்விடும், தள்ளி இருப்பது ஹெக்ஸாவாகவே நிற்கும். சராசரி சரியாக இருக்கும், பொருள் தவறாக இருக்கும். சிலாக்சேன் கரைப்பானில் முழுதாகக் கலந்து ஒரே சீராக ஆக்ஸிஜனைக் கொடுக்கும். அதோடு, துணையாக வருவது ஹைட்ரஜன் குளோரைடு அல்ல, 57 டிகிரியில் கொதிக்கும் திரவம். வேக்குவத்தில் இழுத்தால் கரைப்பானோடு போய்விடும். வடிகட்டவோ கழுவவோ வேண்டியதில்லை. இந்த வினையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அளவு: 10 கிராம் ஹெக்ஸா என்றால் 25.2 மில்லிமோல். அதே அளவு சிலாக்சேன், 4.09 கிராம், ஏறக்குறைய 5.4 மி.லி. முழுதாக நடந்தால் 8.6 கிராம் ஆக்ஸிடெட்ரா. சிலாக்சேன் கூடினால் இரண்டாவது ஆக்ஸிஜனும் ஏறத் தொடங்கி டைஆக்ஸி கலக்கும். இரண்டு பங்கு ஊற்றிச் சூடாக்கினால் டைஆக்ஸியையே எடுக்கலாம். அதனால் ஊசிக்குழாயில் கோட்டைப் பார்த்து ஊற்றுவதைவிட, ஊசிக்குழாயை முன்னும் பின்னும் எடை போடுவது நல்லது.

இன்னொன்று கவனியுங்கள்: உங்கள் ஹெக்ஸாவே ஏற்கெனவே பாதி ஆக்ஸிஜன் ஏறியதாக இருந்தால், இந்தக் கணக்கு முழுவதும் சாயும். முதலில் ஹெக்ஸாவைச் சுத்தம் செய்யுங்கள். பொடியை நீண்ட ஷ்லெங்க் குழாயில் ஆர்கானில் இறக்கி, வேக்குவத்தில் 80 முதல் 100 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் வையுங்கள். சிவப்பு மேலே ஏறிப் படியும். கொஞ்சம் ஹெக்ஸாவும் கூடவே போகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அடியில் நிற்பது உங்கள் தொடக்கப்பொருள்.

அப்புறம் 100 மி.லி. உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் ஹெக்ஸாவைக் கலக்கிவிட்டு, அதே கரைப்பானில் நீர்த்த சிலாக்சேனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கருமை மெல்லக் கரைந்து ஆரஞ்சுச் சிவப்பு தெளிய வரும், சில மணி நேரம் கலக்கிக்கொண்டிருங்கள். பின் எல்லாத் திரவத்தையும் இழுத்துவிட்டு, மிஞ்சியதை முன்பு சொன்ன அதே சூட்டில் பதங்கமாக்குங்கள்.

கரைப்பானாக டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற ஈத்தர்) எடுக்காதீர்கள். ஹெக்ஸா ஈத்தர்களோடு வினைபுரியும், ஆக்ஸிஜனைப் பிடுங்கும். ஆக்ஸிடெட்ராவோ டி.எச்.எஃப்.ஐத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும்.

இப்போது பத்திரம் பற்றி. பம்புக்கு முன்னால் திரவ நைட்ரஜன் ட்ராப் (ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் குடுவை) கட்டாயம், இல்லையென்றால் குளோரைடுகள் பம்பு எண்ணெயைத் தின்றுவிடும். ஆனால் ஆர்கான் லைன் திறந்திருக்கும்போது ட்ராப்பில் திரவ நைட்ரஜன் இருந்தால், ஆர்கான் அங்கே திரவமாகவோ உறையவோ செய்யும். ஆர்கானின் கொதிநிலை நைட்ரஜனைவிட உயர்ந்தது. ட்ராப்பைப் பிறகு எடுத்துச் சூடேறும்போது அது ஒரே மூச்சில் விரியும். ட்ராப்பை வேக்குவம் போகும்போது மட்டும் குளிர்வியுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. போனால் பம்பு நின்று, எண்ணெய் ட்ராப் பக்கம் ஏறும், காற்றும் உள்ளே வரும். பம்புக்கும் ட்ராப்புக்கும் நடுவே ஒரு குழாயடைப்பான் வைத்து, விளக்கு அணைந்தவுடன் கை முதலில் அதற்குப் போகப் பழகுங்கள்.

முடிந்தால் இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை அடுப்பில் காயவைத்துச் சூடாகவே லைனில் மாட்டினாலும், ஐப்பசி கார்த்திகையில் ஜாயிண்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகத்தான் செய்யும்.

புதுவயல்_அலைநீளம்:

தயாரிப்பு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அளவீடு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் இங்கேதான். திறந்த எக்ஸ்.ஆர்.டி. தட்டில் ஆக்ஸிடெட்ராவை வைத்தால், ஸ்கேன் முடிவதற்குள் நீங்கள் அளந்துகொண்டிருப்பது வேறொன்றாக மாறிவிடும். கோப்பில் ஆக்ஸிடெட்ரா என்று பெயர் இருக்கும், கோடுகள் டங்ஸ்டிக் அமிலத்துக்குரியவையாக இருக்கும்.

எக்ஸ்.ஆர்.டி. வேண்டுமென்றால் மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் ஆர்கானுக்குள் நிரப்பி நெருப்பில் மூடி எடுங்கள். ஆக்ஸிடெட்ராவின் திண்ம அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு டங்ஸ்டனும் நான்கு குளோரின்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஆக்ஸிஜன் வழியாக மேலும் கீழும் கோத்துக்கொண்டு சங்கிலியாகப் போகும். ஒரு பக்கப் பிணைப்பு 1.8 ஆங்ஸ்ட்ராம் அளவு, மறுபக்கம் 2.2 அளவு. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 4 ஆங்ஸ்ட்ராம், நாற்கோண அலகுக்கூட்டின் குட்டை அச்சும் அதுதான். ஊசி எந்தத் திசையில் நீள்கிறது என்றும் இதிலிருந்தே புரியும்.

ஐ.ஆர். எடுக்கும்போது கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) வில்லை போடாதீர்கள். அரைக்கும்போதே ஈரம் பிடிக்கும், குளோரினும் புரோமினும் இடம் மாறவும் வாய்ப்பு உண்டு. உலர்ந்த நூஜால் என்ற கனிம எண்ணெயில் குழைத்து, சீசியம் அயோடைடு தட்டுகளுக்கு நடுவே வையுங்கள். டங்ஸ்டன்–குளோரின் அதிர்வுகள் 300க்கும் 450 செ.மீ⁻¹க்கும் இடையில் வரும். கே.பி.ஆர். ஜன்னல் 400க்குக் கீழே ஒளியை விடாது என்பதால் சீசியம் அயோடைடு தேவை. ஆக்ஸிஜன் பகுதியில், திண்ம ஆக்ஸிடெட்ரா 800க்கும் 900க்கும் இடையே அகலமான ஒரு பட்டை கொடுக்கும், அது சங்கிலியின் அடையாளம். ஆவியில் சங்கிலி உடைந்து தனி மூலக்கூறானதும் இந்தப் பட்டை 1,000 செ.மீ⁻¹க்கு மேலே போய்விடும்.

எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை அளந்து அணுவின் நிலையைப் பார்ப்பது) எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் அந்த வேக்குவத்தில் ஆக்ஸிடெட்ரா ஆவியாகிப் பறந்துவிடும். தட்டில் மிஞ்சுவது ஈரம் பட்டுக் கெட்ட பகுதிதான். அது ஆறு இணைதிறன் டங்ஸ்டன் என்று காட்டும், அதனால் எதுவும் நிரூபணமாகாது.

உங்களுக்கு ராமன்தான் (லேசர் ஒளி சிதறுவதை வைத்து அதிர்வுகளை அளக்கும் நிறமாலை) சிறந்தது. கண்ணாடியை ஊடுருவிப் பார்க்கலாம். மூடி உருக்கிய குழாயைத் திறக்கவே வேண்டாம். பொருள் சிவப்பு என்பதால் பச்சை லேசர் சூடேற்றும், 785 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளம் கேளுங்கள்.

கண்டனூர்_ஆசிரியர்:

ராமன் கருவி எல்லாக் கல்லூரியிலும் இருக்காதே?

தேவகோட்டை_ஓய்வு:

காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கவலை வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உங்கள் வாசலில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. வழிகாட்டியின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். மூடிய குழாயில் கொண்டுபோனால் கருவிக்காரர்களும் அஞ்சமாட்டார்கள்.

கருவி கிடைக்கும்வரை கையால் செய்யக்கூடியது ஈரப் பகுப்பாய்வு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கணக்கு இதோ. ஹெக்ஸாவில் டங்ஸ்டன் 46.4 சதவீதம், குளோரின் 53.6. ஆக்ஸிடெட்ராவில் 53.8, 41.5. டைஆக்ஸியில் 64.1, 24.7. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் எண்கள் வேறு எங்கே கிடைக்கும்?

செய்முறை: மெல்லிய கண்ணாடிக் குமிழில் ஆர்கானுக்குள் பொருளை அடைத்து மூடி எடை போடுங்கள். நீர்த்த சோடியம் ஹைட்ராக்ஸைடு உள்ள கனமான குடுவையில் போட்டு, மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்கி உடையுங்கள். புகை முழுவதும் காரத்தில் கரையும்வரை திறக்கக்கூடாது. திறந்த பீக்கரில் தண்ணீரில் கொட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு பறந்துபோய்க் குளோரின் அளவு குறைவாக வரும், நீங்கள் அதை ஆக்ஸிஜன் கலப்பு என்று நினைப்பீர்கள்.

குளோரினுக்கு: கரைசலை நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி மின்முனையோடு சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தல். காரக் கரைசலில் நேரடியாகச் செய்தால் வெள்ளி டங்ஸ்டேட்டும் வீழ்ந்து கெடுக்கும்.

டங்ஸ்டனுக்கு: வேறொரு குமிழ். நைட்ரிக் அமிலத்தில் டங்ஸ்டிக் அமிலத்தை வீழ்த்தி, சிங்கோனின் என்ற தாவரக் காரப்பொருள் சேர்த்துக் கூழ்மமாக நிற்கும் மீதியையும் பிடித்து, வடிகட்டி, நீர்த்த அம்மோனியம் நைட்ரேட்டால் குளோரைடு போகும்வரை கழுவுங்கள். பிறகு 750 டிகிரி அளவில் சுட்டு ட்ரைஆக்ஸைடாக எடை பாருங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. அம்மோனியாவில் கரைத்து அப்படியே ஆவியாக்கிச் சுட்டால் வேலை குறையும் என்று தோன்றும். செய்யாதீர்கள். கூடவே இருக்கும் அம்மோனியம் குளோரைடு சூட்டில் டங்ஸ்டனை மறுபடியும் ஆக்ஸிகுளோரைடாக்கிப் பறக்கவிடும். எந்தப் பொருளை அளக்கிறீர்களோ அதே பொருள் மூசையிலிருந்து தப்பிவிடும்.

செக்காலைக்காரன்:

சார் சொன்னபடி செய்தேன். பாட்டிலிலிருந்து நேரடியாக எடுத்த பொடி, சுத்தம் செய்யாதது. குளோரின் 51.2 சதவீதம், டங்ஸ்டன் 47.9 சதவீதம். கணக்குப் போட்டால் எடையில் 20 சதவீதம் ஆக்ஸிடெட்ரா, மீதி ஹெக்ஸா. மூன்றும் கூட்டினால் 100க்கு மிக அருகில் வருகிறது: 20 சதவீத ஆக்ஸிடெட்ராவில் ஆக்ஸிஜன் 0.9, அதோடு 51.2, 47.9. பொருத்தமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். மதிப்பீட்டாளருக்கு இதையே எழுதிவிடலாமா?

பள்ளத்தூர்_கனிமம்:

அளவீடு நன்றாக இருக்கிறது தம்பி. முடிவை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

இதே இரண்டு எண்களை வேறு கலவைக்கும் போட்டுப் பாருங்கள். ஹெக்ஸாவோடு ஆக்ஸிடெட்ரா இல்லவே இல்லை, டைஆக்ஸி மட்டும் 8.4 சதவீதம் கலந்திருக்கிறது என்று வையுங்கள். குளோரின் 51.2. டங்ஸ்டன் 47.9. அப்படியே அதே எண்கள்.

இது தற்செயல் இல்லை. டங்ஸ்டன் முழுவதும் ஆறு இணைதிறனில் இருக்கும்வரை, ஓர் ஆக்ஸிஜன் ஏறினால் இரண்டு குளோரின் இறங்கியே ஆக வேண்டும். ஆகவே ஹெக்ஸா, ஆக்ஸிடெட்ரா, டைஆக்ஸி, ட்ரைஆக்ஸைடு இவற்றின் எந்தக் கலவையும் குளோரின்–டங்ஸ்டன் வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில்தான் விழும். உங்கள் எண்கள் அந்தக் கோட்டில் எந்த இடம் என்று சொல்கின்றன, அதாவது ஒரு டங்ஸ்டனுக்குச் சராசரியாக 5.55 குளோரின். அந்தச் சராசரியை யார் யார் சேர்ந்து உண்டாக்கினார்கள் என்று அவை சொல்லாது. கூட்டினால் 100 வருவதும் அதே காரணத்தால்தான்.

ஆனால் இந்தப் பகுப்பாய்வு உறுதியாகச் சொல்லும் ஒன்று உண்டு. உங்கள் புள்ளி கோட்டிலிருந்து விலகியிருந்தால், டங்ஸ்டன் ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். ஓர் ஆக்ஸிஜனும் மூன்று குளோரினும் உள்ள ஐந்து இணைதிறன் சேர்மத்தில் குளோரின் 34.7, டங்ஸ்டன் 60.0. அதே குளோரின் அளவுக்கு ஆறு இணைதிறன் கோடு டங்ஸ்டனை 58.0 என்று சொல்லும். இரண்டு சதவீத விலகல், கவனமான கையால் பிடித்துவிடலாம். உங்கள் புள்ளி கோட்டிலேயே இருக்கிறது. ஒடுக்கம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை என்று தைரியமாக எழுதலாம்.

கண்டனூர்_ஆசிரியர்:

இது அருமை. வகுப்பில் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டலாம். ஐந்து இணைதிறன் என்றால் ஒற்றை எலக்ட்ரான் இருக்குமே, காந்தத் தராசிலும் தெரியுமா?

தேவகோட்டை_ஓய்வு:

தெரியும். ஹெக்ஸா, ஆக்ஸிடெட்ரா, டைஆக்ஸி மூன்றிலும் டங்ஸ்டனின் டி எலக்ட்ரான் ஒன்றும் இல்லை, மூன்றும் காந்தத்தால் விலக்கப்படுபவை. ஒற்றை எலக்ட்ரான் உள்ள ஐந்து இணைதிறன் சேர்மம் ஈர்க்கப்படும். ஆனால் டங்ஸ்டன் கனமான அணு, பக்கத்து அணுக்களோடு எலக்ட்ரான்கள் கைகோத்துக்கொள்ளும். புத்தகத்து எண் முழுதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க உதவும், எவ்வளவு என்று சொல்ல உதவாது.

செக்காலைக்காரன்:

அப்படியென்றால் ஆக்ஸிடெட்ராவா டைஆக்ஸியா என்பதை எப்படிப் பிரிப்பது? ராமனுக்கு நேரம் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. ஐ.ஆர். மட்டும் கையில் இருக்கிறது.

புதுவயல்_அலைநீளம்:

திண்ம நிலையில் ஐ.ஆர். உங்களுக்குக் கை கொடுக்காது. இரண்டுமே ஆக்ஸிஜன் பாலத்தால் கோத்த திண்மங்கள். இரண்டுமே 800–900 பகுதியில் அகலமாகப் பரந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒன்று மட்டும் சொல்லலாம்: சுத்தமான ஹெக்ஸாவுக்கு 600க்கு மேலே அடிப்படை அதிர்வு எதுவும் கிடையாது. ஆகவே சுத்தம் செய்த ஹெக்ஸாவில் 800–1,050 பகுதி வெறுமையாக இருந்தால், ஆக்ஸிஜன் போய்விட்டது என்பதற்கு அது நல்ல சான்று.

பிரிப்பதற்குச் சங்கிலியை உடைக்க வேண்டும். அசிட்டோநைட்ரைலில் கரையுங்கள். அது டங்ஸ்டனில் போய் ஒட்டிக்கொண்டு பாலத்தை உடைத்துவிடும். ஆக்ஸிடெட்ராவில் ஒரே டங்ஸ்டன்–ஆக்ஸிஜன் பிணைப்பு, கூர்மையான ஒற்றைப் பட்டை. டைஆக்ஸியில் இரண்டு ஆக்ஸிஜனும் எதிரெதிரே நிற்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், சேர்ந்து அசைவது ஒன்று, மாறி அசைவது ஒன்று என இரட்டைப் பட்டை வரும். அசிட்டோநைட்ரைலின் சொந்தப் பட்டை 2,253இல் இருப்பது, ஒட்டிக்கொண்ட பங்குக்கு மேலே நகரும். கரைசல் உண்மையிலேயே பிணைந்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சி. மூடிய திரவக் கலத்தில், ஊசிக்குழாயால் நிரப்பி எடுங்கள்.

பள்ளத்தூர்_கனிமம்:

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். பாட்டில் பொடியை அப்படியே அசிட்டோநைட்ரைலில் போடாதீர்கள், ஹெக்ஸா அதில் சும்மா இருக்காது, ஒடுங்கத் தொடங்கும். முதலில் வேக்குவத்தில் சிவப்பை மேலே ஏற்றி, அந்தச் சிவப்பை மட்டும் கரையுங்கள். ஆனால் டைஆக்ஸி அவ்வளவு எளிதில் மேலே வராது, அடியில் ஹெக்ஸாவோடு தங்கிவிடும். சூட்டைக் கூட்டினால் பிளந்து மறுபடியும் சிவப்பு கொடுக்கும் என்று சார் முன்பே சொன்னார். அதனால் 100 டிகிரியைத் தாண்டாதீர்கள். அதற்குள் வந்த சிவப்பின் எடை, எடுத்த பொடியில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கினால், உங்கள் 20 சதவீதக் கணக்கு நிற்கும். மிகக் குறைவாக வந்து, அடியில் நின்றதில் குளோரின் இன்னும் 53.6ஐ எட்டவில்லை என்றால், டைஆக்ஸி இருக்கிறது.

உங்கள் பூச்சு வேலைக்கு இது எவ்வளவு பாதிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எடை போட்டுக் கரைக்கும்போது நீங்கள் நினைத்ததைவிட டங்ஸ்டன் 46.4க்குப் பதில் 47.9, அதாவது 3 சதவீதம் அதிகமாகப் போயிருக்கிறது. பூச்சின் தடிமனில் இது பெரிதல்ல. எத்தனாலில் ஹெக்ஸாவும் ஆக்ஸிடெட்ராவும் குளோரின் இழந்து ஆல்காக்ஸைடாக மாறும், சுட்டபின் இரண்டும் ட்ரைஆக்ஸைடுதான். வித்தியாசம் வரக்கூடிய இடம் கரைசல் மஞ்சளிலிருந்து நீலமாகும் வேகமும், எவ்வளவு அமிலம் உண்டாகிறது என்பதும். ஆகவே மதிப்பீட்டாளருக்குப் பழைய பூச்சையும், சுத்தம் செய்த ஹெக்ஸாவில் எடுத்த புதுப் பூச்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

செக்காலைக்காரன்:

செய்கிறேன் அக்கா. சிவப்புப் பகுதியை மூன்று குழாயில் மூடி உருக்கி வைத்திருக்கிறேன். ஒன்று ராமனுக்கு, ஒன்று அசிட்டோநைட்ரைலுக்கு, ஒன்று நான் சிலாக்சேன் வழியில் எடுக்கப்போகும் பொருளோடு ஒப்பிட. கழிவை என்ன செய்வது?

தேவகோட்டை_ஓய்வு:

ட்ராப்பில் சேர்ந்த திரவத்தையும் குழாயில் ஒட்டிய மிச்சத்தையும் ஃப்யூம் ஹூட்டுக்குள், பனிக்கட்டியில் வைத்த நீர்த்த சோடாக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கலக்கியபடியே. வாஷ்பேசினில் ஊற்றவே கூடாது. நுரை அடங்கியதும் டங்ஸ்டேட் கரைசலைத் தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். டைகுளோரோமீத்தேன் அடியில் தனி அடுக்காக நிற்கும், அதைப் பிரித்துக் குளோரின் உள்ள கரைப்பான் கழிவில் போடுங்கள். அசிட்டோநைட்ரைல் கழிவைக் குளோரின் இல்லாத வகையோடு சேர்த்துவிடாதீர்கள், அதிலும் இப்போது குளோரைடு இருக்கிறது.

புதுவயல்_அலைநீளம்:

ராமனுக்குக் கொண்டுபோகும் குழாய் சாதாரணச் சோடாக் கண்ணாடி என்றால் பின்னணி ஒளிர்வு அதிகம் வரும். மீதியை மூடுவதற்கு முன் போரோசிலிகேட்டோ குவார்ட்ஸோ கிடைக்கிறதா பாருங்கள். வெறும் குழாயையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய குழாயின் மேல் நாள், எடை, எந்தச் சூட்டில் ஏறியது என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். ஆல்கஹால் பட்டால் பேனா மை போய்விடும்.